சிப்பிக்கு முன் தண்ணீர்: கடலூர்க் கழிமுகங்களில் சிப்பி வளர்ப்புக்கான நிபந்தனைகள்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க வேண்டுமானால் முதலில் தண்ணீரை இறைக்க வேண்டும். நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர் சுரங்கத்தின் தரையைப் பெயர்த்துவிடக் கூடாது என்பதற்காக, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இரவு பகலாக இறைப்பு நடக்கிறது. மழைக்காலத்தில் சுரங்கப் பள்ளத்தில் சேரும் வெள்ளத்தையும் வெளியேற்றியாக வேண்டும். இந்த நீரில் ஒரு பங்கு அனல்மின் நிலையங்களுக்குப் போகிறது. ஒரு பங்கு குடிநீருக்கும் பாசனத்துக்கும் பயன்படுகிறது. மிச்சம் ஓடைகளில் இறங்கி, வாலாஜா ஏரி, பரவனாறு, பெருமாள் ஏரி எனக் கிழக்கே நகர்ந்து, கடலூர் பழைய துறைமுகத்துக்கு அருகே உப்பனாறாகக் கடலைத் தொடுகிறது. நெய்வேலிக்குத் தெற்கே வெள்ளாறு சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சென்று பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கிறது.

நெய்வேலி நகரியத்தின் வட்டங்களில் வாழும் நமக்குக் கடல் தொலைவில் இருப்பதாகத் தோன்றலாம். நேர்கோட்டில் அளந்தால் இந்த இரண்டு முகத்துவாரங்களும் 40 கிலோமீட்டருக்குள்தான் இருக்கின்றன. ஒரே மாவட்டம், ஒரே பருவமழை, ஒரே வங்கக் கடல். ஆனால் இங்கே உணவுச் சிப்பி வளர்க்கலாமா என்று கேட்டால், இரண்டு கழிமுகங்களுக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. அந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் நீடித்த சிப்பி வளர்ப்பு எதைப் பொறுத்தது என்பதும் விளங்கிவிடும். பந்தல் போடுவதும் சரம் கட்டுவதும் அதில் எளிய பகுதி. ஆற்றின் மேற்கே என்ன நடக்கிறது என்பதைக் கண்காணிப்பதும், தண்ணீர் கெட்டால் அறுவடையை நிறுத்தும் அதிகாரத்தை நிலைநாட்டுவதுமே கடினமான பகுதி.

நூறாண்டு முயற்சி

தமிழகத்துக்குச் சிப்பி வளர்ப்பு புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் பழவேற்காடு ஏரியில் அதைத் தொடங்கிப் பார்த்தார். சென்னையின் உப்பங்கழிகளில் சிப்பி இனப்பெருக்கம் செய்ய எது தூண்டுகோலாக இருக்கிறது என்ற கேள்வியையும் அவர் ஆராய்ந்தார். நம் கழிமுகங்களில் பரவலாகக் காணப்படும் உணவுச் சிப்பிக்குச் சென்னையின் பெயரே வாய்த்தது. 1916-ல் பிரஸ்டன் என்ற ஆய்வாளர் விவரித்த அந்த இனத்தை இந்திய ஆய்வேடுகள் கிராசோஸ்ட்ரியா மெட்ராசென்சிஸ் என்று குறிப்பிடுகின்றன.

பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேல் பெரிய முன்னேற்றம் இல்லை. 1970-களில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியில் முறையான சோதனைகளைத் தொடங்கியது. 1980-களின் தொடக்கத்தில் குஞ்சு பொரிப்பகத்தில் சிப்பிக் குஞ்சுகளை உருவாக்கும் நுட்பமும் கைகூடியது. இந்த நுட்பம் மக்கள் தொழிலாக வேர்பிடித்த இடம் கேரளம். 1990-களில் கொல்லம் மாவட்டத்து அஷ்டமுடிக் காயலிலும், பிறகு மற்ற காயல்களிலும், பெண்கள் சுய உதவிக் குழுக்கள் இதைக் கையில் எடுத்தன. தூத்துக்குடியில் பிறந்த நுட்பம் மலை தாண்டிப் போய்ப் பிழைத்தது. தமிழகக் கழிமுகங்களில் அது தங்கவில்லை.

கடலூர்க் கரைக்கு அறிவுப் பஞ்சமும் இல்லை. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றங்கரையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. பேராசிரியர் ஆர்.வி. சேஷையா முன்னின்று உருவாக்கிய அந்த மையம், வெள்ளாற்றின் உப்பையும் மிதவை உயிர்களையும் மட்டியையும் சிப்பியையும் தலைமுறைகளாக அளந்து பதிந்து வருகிறது. இந்தியாவில் இவ்வளவு நெருக்கமாக ஆராயப்பட்ட கழிமுகங்கள் மிகச் சிலவே.

மேற்குக் கடலின் நாட்காட்டி இங்கே செல்லாது

கேரளத்தின் வெற்றியை அப்படியே நகலெடுத்தால் முதலுக்கே மோசம் வரும். அங்கே தென்மேற்குப் பருவமழை ஜூனில் கொட்டுகிறது. மழை ஓய்ந்து, காயலில் உப்பு ஏறி, நவம்பர், டிசம்பரில் குஞ்சுகள் ஒட்டும். அடுத்த மழைக்கு முன்பாக, மே மாதத்துக்குள், 60 முதல் 80 மில்லிமீட்டர் வரை வளர்ந்த சிப்பியை அறுவடை செய்துவிடுவார்கள். மொத்தத் தொழிலும் இரண்டு மழைகளுக்கு இடைப்பட்ட ஏழெட்டு மாதத்துக்குள் அடங்கிவிடுகிறது.

நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிறது. அந்த மாதங்களில் வெள்ளாற்றின் முகத்துவாரம்வரை நீர் ஏறக்குறைய நன்னீராகிவிடும். தை பிறந்த பின் உப்பு மெல்ல ஏறி, கோடையில் கடல்நீரின் அளவை எட்டும். உணவுச் சிப்பி பரந்த உப்பு வரம்பைத் தாங்கும். ஓட்டை இறுக மூடிக்கொண்டு சில நாள் நன்னீரையும் சமாளிக்கும். வாரக்கணக்கில் வெள்ளம் நின்றால் தாங்காது. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது நமக்கு நினைவிருக்கிறது. பரவனாற்றங்கரை ஊர்களை மூழ்கடித்த அப்படியொரு வெள்ளம், கழிமுகத்தில் பந்தல் இருந்திருந்தால் அதையும் வாரிக்கொண்டு போயிருக்கும்.

ஆகவே இங்கே பயிர்க்காலம் தையில் தொடங்கிப் புரட்டாசிக்குள் முடிய வேண்டும். கேரளத்தின் ஏழெட்டு மாத வளர்ச்சியை இங்கும் எதிர்பார்க்கலாம் என்றால், இந்த இடைவெளி போதும். ஆனால் குஞ்சு எந்த வாரத்தில் ஒட்டுகிறது என்பதை எந்தப் புத்தகமும் முன்கூட்டிச் சொல்லாது. ஆற்றுக்கு ஆறு அது மாறும். சோதனைச் சரங்களை வாரம் ஒன்றாக இறக்கிப் பார்த்துத்தான் கண்டறிய வேண்டும்.

ஒரு சரத்தின் கதை

வளர்ப்பு முறையைக் கிட்டே போய்ப் பார்ப்போம். பழைய சிப்பி ஓடுகளைக் கழுவிக் காயவைத்து, நடுவில் துளையிட்டு, நைலான் கயிற்றில் ஐந்தாறு ஓடுகளாக இடைவெளிவிட்டுக் கோப்பார்கள். ஆழம் குறைந்த கழியில் கம்புகளை ஊன்றி, மேலே குறுக்குக் கம்பு கட்டிப் பந்தல் போட்டு, அதில் சரங்களைத் தொங்கவிடுவார்கள். கடலூர்க் கரையில் சவுக்குக்குப் பஞ்சமில்லை. சரத்தின் அடி தரையைத் தொடாமல் இருக்க வேண்டும். தொட்டால் சேறு மூடும். நண்டும் நத்தையும் ஏறிவிடும்.

சிப்பியின் முட்டையும் விந்தும் நீரிலேயே கலந்து கருவாகின்றன. இளம் உயிரி இரண்டு மூன்று வாரம் மிதந்து அலைகிறது. மணல் துகள் அளவில் இருக்கும்போதே அதற்குக் கண்போல ஒரு கரும்புள்ளியும், நகர்ந்து பார்க்க ஒரு பாதமும் முளைக்கின்றன. அந்தப் பாதத்தால் ஓட்டின் பரப்பைத் தடவிப் பார்த்து, பிடித்த இடத்தில் ஒரு துளி பசையைச் சுரந்து இடப்பக்க ஓட்டை ஒட்டிக்கொள்கிறது. பாதம் பிறகு கரைந்துபோகும். ஆயுள் முழுதும் அது அங்கேதான். தண்ணீர் கெட்டால் மீன் விலகிப் போகலாம், நண்டு ஏறிப் போகலாம். சிப்பிக்குப் போக்கிடம் இல்லை.

சரத்தை இறக்கும் நாள் இதனால்தான் முக்கியமாகிறது. பத்து நாள் முந்தினால் கொட்டலசும் பாசியும் ஓட்டை நிரப்பிவிடும். பத்து நாள் பிந்தினால் குஞ்சுகள் வேறெங்கோ ஒட்டிவிடும். ஒட்டிய பிறகு செலவு அதிகமில்லை. சிப்பிக்குத் தீவனம் வேண்டாம், மருந்து வேண்டாம். ஓதத்தோடு வரும் மிதவைப் பாசியையே வடிகட்டித் தின்று வளரும். இறால் பண்ணையிலிருந்து சிப்பி வளர்ப்பைப் பிரித்துக் காட்டும் அடிப்படை இதுதான்: வெளியிலிருந்து எதையும் கொட்டாமல் விளையும் பயிர் இது.

ஆனாலும் இது தீங்கே இல்லாத தொழில் என்று சொல்ல முடியாது. பந்தலை நெருக்கிப் போட்டால் ஓட்டம் தடைபடும். சிப்பி வடிகட்டி வெளியேற்றும் கழிவு அடியில் படிந்து, அழுகிக் கறுத்த சேறாகும். எல்லோரும் பந்தல் போட்டால் பகிர்ந்துகொள்ளப் பாசி போதாமல் எல்லாருடைய சிப்பியும் மெலியும். ஆகவே இத்தனை பந்தல்களுக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பு, ஓதம் தாராளமாக ஏறி இறங்கும் இடைவெளி, பருவத்துக்குப் பருவம் இடமாற்றம் ஆகிய மூன்றும் தொடக்கத்திலேயே எழுதப்பட வேண்டிய விதிகள். அறுவடை முடிந்த ஓடுகள் அத்தனையும் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போய்விடாமல், ஒரு பங்கு கழிக்கே திரும்ப வேண்டும். அடுத்த தலைமுறைக் குஞ்சுகள் ஒட்டுவதற்கு ஓட்டைவிடச் சிறந்த இடம் இல்லை.

இன்னொரு எச்சரிக்கை எண்ணூரிலிருந்தும் பழவேற்காட்டிலிருந்தும் வருகிறது. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த, மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று அழைக்கும் அந்நிய இனம் அங்கே அடியை ஜமக்காளம் விரித்ததுபோல மூடி, இறாலுக்கும் மட்டிக்கும் இடமில்லாமல் செய்துவிட்டது. அஷ்டமுடியிலும் அது பெருகியது. ஆகையால் வேறு கழிகளிலிருந்து சரங்களையோ குஞ்சுகளையோ சோதிக்காமல் வெள்ளாற்றுக்குக் கொண்டுவரக் கூடாது.

வடிகட்டி வாழும் உயிரின் ஆபத்து

நன்கு வளர்ந்த ஒரு சிப்பி மணிக்குப் பல லிட்டர் நீரை வடிகட்டும். கழிமுகத்தைத் தெளியவைக்கும் அந்தத் திறனே உண்பவருக்கு ஆபத்தாகவும் முடியும். நீரில் சாக்கடை கலந்தால் அதிலுள்ள கிருமிகளைச் சிப்பி தன் உடலில் சேர்த்துக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியம் இதனால்தான் சிப்பி விளையும் நீர்ப்பரப்புகளையே தரம் பிரித்திருக்கிறது. 100 கிராம் சதையில் ஈ.கோலை எண்ணிக்கை 230 என்ற வரம்புக்குள் இருக்கும் 'ஏ' பரப்பிலிருந்து நேரே சந்தைக்கு அனுப்பலாம். 4,600 வரை உள்ள 'பி' பரப்பின் சிப்பியைத் தூய்மைப்படுத்தும் தொட்டியில் வைத்த பிறகே விற்கலாம். அதையும் தாண்டினால், 46,000 வரை உள்ள 'சி' பரப்பின் சிப்பியை மாதக்கணக்கில் தூய நீருக்கு மாற்றி வைக்க வேண்டும்.

தொட்டியில் சுத்திகரித்த கடல்நீரை ஓடவிட்டு ஒன்றிரண்டு நாள் வைத்தால் சிப்பி தன் குடலைக் காலி செய்துவிடும். சாக்கடைப் பாக்டீரியா பெருமளவு வெளியேறும். வைரஸ்கள் எளிதில் போகாது. வெதுவெதுப்பான நீரில் இயல்பாகவே வாழும் விப்ரியோ கிருமிகளும் முழுதாகப் போகாது. நம் வெப்பநிலைக்குச் சிப்பியை வேகவைத்துத்தான் உண்ண வேண்டும் என்பது இதனால் வரும் முடிவு. சில மிதவைப் பாசிகளின் நஞ்சோ வேகவைத்தாலும் அழியாது. 1981-ல் கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் மட்டி உண்டவர்களில் மூவர் அத்தகைய நஞ்சால் இறந்தார்கள். 1997-ல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் கல்லுமக்காய் உண்டவர்களில் ஏழு உயிர்கள் போயின. சிப்பியைச் சந்தைக்கு அனுப்புமுன் பாசியையும் பரிசோதிக்க வேண்டும் என்பதற்கு இந்த இறப்புகளைவிட வேறு சான்று தேவையில்லை.

கனஉலோகங்கள் இன்னும் பிடிவாதமானவை. ஈயம், காட்மியம், பாதரசம் ஆகியவை சதையிலேயே தங்கிவிடும். எந்தத் தூய்மைத் தொட்டியும் அவற்றை இரண்டு நாளில் அகற்றாது. உப்பனாற்றின் நிலை இங்கேதான் தெளிவாகிறது. அதன் கரையில் கடலூர் சிப்காட்டின் இரசாயன ஆலைகள் இருக்கின்றன. சேற்றிலும் மீனிலும் உலோகங்கள் சேர்ந்திருப்பதைப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. மேற்கே நெய்வேலியின் சுரங்க நீரும் அனல்மின் நிலையங்களின் சாம்பலும் இருக்கின்றன. நெய்வேலியைச் சுற்றியுள்ள நீரில் பாதரசம் இருப்பதாகப் பூவுலகின் நண்பர்கள் அமைப்பு 2023-ல் வெளியிட்ட அறிக்கை கூறியது. இந்த நிலையில் உப்பனாற்றில் உணவுக்காகச் சிப்பி வளர்க்கச் சொல்வது பொறுப்பற்ற செயல்.

அதற்காக உப்பனாற்றுச் சிப்பி பயனற்றதாகிவிடாது. அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் கோல்ட்பெர்க் 1975-ல் முன்வைத்த யோசனையை ஏற்று, 1986 முதல் அந்நாட்டு அரசு தன் கரை முழுவதும் சிப்பியையும் ஆழிகளையும் பரிசோதித்து மாசைக் கண்காணிக்கிறது. ஒரு குவளை நீர் அந்த நிமிடத்து நிலவரத்தை மட்டும் சொல்லும். சிப்பியின் சதை பல மாதக் கணக்கை வைத்திருக்கும். உப்பனாற்றில் நாம் தொங்கவிட வேண்டிய சரங்கள் இதற்கானவை. அவற்றை யாரும் உண்ணக் கூடாது. ஆண்டுக்கு இருமுறை ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவை வெளியிட வேண்டும்.

பிரான்சின் பாடம், நெய்வேலியின் பொறுப்பு

கண்ணுக்குத் தெரியாத அளவு நஞ்சு ஒரு தொழிலையே வீழ்த்தும் என்பதற்குப் பிரான்சின் அர்க்கசோன் விரிகுடா சாட்சி. 1970-களின் பிற்பகுதியில் அங்கே குஞ்சு ஒட்டுவது ஏறக்குறைய நின்றே போனது. வளர்ந்த சிப்பிகளின் ஓடு தடித்துக் கோணலானது. நெடுநாள் தேடலுக்குப் பிறகு காரணம் தெரிந்தது: படகுகளின் அடியில் கொட்டலசு ஒட்டாமல் இருக்கப் பூசிய வண்ணத்திலிருந்த வெள்ளீயச் சேர்மம். பிரான்ஸ் 1982-ல் சிறு படகுகளுக்கு அந்த வண்ணத்தைத் தடை செய்தது. அதன் பின்பே குஞ்சுகள் மீண்டும் ஒட்டத் தொடங்கின. சிப்பிப் பண்ணைக்காரர்கள் எவரும் தவறு செய்யவில்லை. தவறு பக்கத்தில் வேறொரு தொழிலில் இருந்தது. அதை அரசு திருத்தியதால்தான் சிப்பித் தொழில் பிழைத்தது.

நெய்வேலிக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. சுரங்கத்திலிருந்து எப்போது, எவ்வளவு நீர், எந்தத் தரத்தில் விடப்படுகிறது என்பது கீழே உப்பின் அளவையும் வண்டலையும் தீர்மானிக்கிறது. கோடையில் தொடர்ந்து நன்னீர் விட்டால் கழியின் இயல்பான உப்பேற்றம் மாறும். மழையில் மொத்தமாகத் திறந்தால் வண்டல் சரங்களை மூடும். சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றையே திருப்பிவிடும் வேலையில், 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர்மீது இயந்திரங்கள் இறங்கியபோது, விவாதம் முழுவதும் நிலத்தைப் பற்றியதாக இருந்தது. விவசாயிகளின் வேதனை நியாயமானது. அதே ஆறு கடைசியில் சேரும் கழியைப் பற்றியும் யாராவது கேட்டிருக்க வேண்டும். பரவனாற்று வெள்ளத்தை நேரே கடலுக்குத் திருப்பும் அருவாமூக்குத் திட்டத்துக்கும் இதே கேள்வி பொருந்தும். முகத்துவாரம் மாறினால் உப்பும் மாறும், உயிர்களும் மாறும்.

யாருடைய கழி?

சிப்பி வளர்ப்புக்கு ஏற்ற இடமாக இன்று தெரிவது வெள்ளாறுதான். அங்கும் பேரூர்களின் கழிவுநீர், வயல் வடிகால், இறால் பண்ணைகளின் கழிவு எல்லாம் உண்டு. ஆகவே ஒரு முழு ஆண்டு, மழையும் கோடையும் அடங்க, மாதந்தோறும் கிருமி, உலோகம், பாசி நஞ்சு மூன்றையும் அளந்த பிறகே முதல் கம்பை ஊன்ற வேண்டும்.

அதைவிட முந்திய கேள்வி உரிமை பற்றியது. வெள்ளாற்றிலும் பிச்சாவரத்திலும் இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். இரண்டு கைகளும் நீருக்குள் இருக்க வேண்டுமே! அவர்களிடம் பட்டா இல்லை, படகும் இல்லை. அந்த ஆழம் குறைந்த கழியே அவர்களுடைய வயல். சிப்பிப் பந்தலுக்குத் தேவைப்படும் இடமும் அதேதான்.

இறால் பண்ணைகள் வந்தபோது இந்தக் கரை பட்ட பாட்டை மறக்க முடியாது. பொதுவாக இருந்த இடங்கள் வேலிக்குள் போயின, கிணறுகள் உவர்த்தன. சர்வோதயத் தொண்டர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த தீவிர இறால் பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. பின்னர் 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. 2023-ல் செய்யப்பட்ட திருத்தம் சிப்பி வகை வளர்ப்பையும் அதன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. சட்டம் கதவைத் திறந்துவிட்டது. முதலில் நுழைபவர் யார் என்பதை மாவட்ட நிர்வாகமும் மீன்வளத் துறையும் தீர்மானிக்க வேண்டும். அந்த இடம் இருளர் பெண்களின் கூட்டுறவுக்கும் உள்நாட்டு மீனவர் சங்கங்களுக்கும் உரியது. தனிமுதலாளியின் குத்தகைக்கு உரியதன்று.

உரிமையும் கட்டுப்பாடும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை அஷ்டமுடியின் மட்டித் தொழில் காட்டியது. 1980-களில் தென்கிழக்கு ஆசிய ஏற்றுமதிக்காகக் கண்மண் தெரியாமல் அள்ளினார்கள். 1991-ல் 10,000 டன் தொட்ட விளைச்சல் 1993-ல் பாதியாகச் சரிந்தது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தடை, வலைக்கண்ணின் அளவுக்கு வரம்பு, இயந்திர அள்ளலுக்குத் தடை ஆகியவை நடைமுறைக்கு வந்த பின் விளைச்சல் மீண்டது. 2014-ல் கடல்வளப் பொறுப்புக் குழுமத்தின் சான்றிதழ் பெற்ற இந்தியாவின் முதல் மீன்வளம் என்ற பெயரும் அதற்குக் கிடைத்தது. அந்தக் காயலிலேயே பின்னர் அந்நிய ஆழி பெருகி, ஒருமுறை பெற்ற சான்றிதழ் காலத்துக்கும் காவல் காக்காது என்பதையும் உணர்த்தியது.

நிறுத்தும் அதிகாரம்

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் கடலூர் மாவட்டத்துக்கு ஒரு வரிசை கிடைக்கிறது. உப்பனாற்றில் கண்காணிப்புச் சரங்கள். உணவுக்கு எதுவும் வேண்டாம். வெள்ளாற்றில் ஓராண்டு நீர்ச்சோதனை, பிறகு இருளர் பெண்கள் நடத்தும் சில பந்தல்கள், ஒரு தூய்மைத் தொட்டி, வேகவைத்துச் சதை பிரிக்கும் ஒரு கூடம். கடலூரை ஒட்டிய புதுச்சேரியின் உணவகங்களே முதல் சந்தையாக அமையலாம். நெய்வேலியிலிருந்து, வெளியேற்றும் நீரின் அளவையும் தரத்தையும் நாள்தோறும் பொதுவில் வைக்கும் ஏற்பாடு. இதற்குப் பெருந்தொகை தேவையில்லை. இறைக்கும் நீரை ஏற்கெனவே அளப்பவர்கள் அந்த எண்ணைப் பகிர மனம் வைத்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தொடங்குமுன்பே ஒரு கேள்விக்கு எழுத்துப்பூர்வ விடை வேண்டும்: நீர் கெட்டது என்று ஆய்வு சொன்னால் அறுவடையை அன்றே நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? அந்த நாட்களில் வருமானம் இழக்கும் பெண்களுக்கு இழப்பீடு யார் தருவது? என் விடை இது: நிறுத்தும் அதிகாரம் பல்கலைக்கழக ஆய்வாளரும் வளர்ப்போரும் சேர்ந்த குழுவுக்கு; இழப்பீடு தரும் பொறுப்பு நீரைக் கெடுத்தவருக்கு. மேற்கே இருப்பவர் செய்த பிழைக்குக் கிழக்கே இருப்பவர் பட்டினி கிடக்கும் ஏற்பாட்டின்மீது எந்தப் பந்தலும் நிலைக்காது. இந்த இரண்டு வரிகளை அரசாணையில் எழுத முடியாதென்றால் வெள்ளாற்றை இப்போது இருப்பதுபோலவே விட்டுவிடலாம். எழுத முடியுமென்றால், நூறாண்டுக்கு முன் பழவேற்காட்டில் தொடங்கி நின்றுபோன வேலையைப் பரங்கிப்பேட்டையில் நம்பிக்கையோடு தொடரலாம்.